பைக்கு ஒரு இலை

கஸ்தூரி பெயிலாகிவிட்டாள் என்ற செய்தி அவள் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அடி அண்ணாமலையில் சடையன் டீக்கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. டவுனிலிருந்து பால்கேனோடு திரும்பிய எவனோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். சடையன் அதை வாங்கி வைத்துக்கொண்டு, வருகிறவனுக்கெல்லாம் டீயோடு சேர்த்து ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கஸ்தூரி பஸ்ஸை விட்டு இறங்கிக் கடையைத் தாண்டும்போது, பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவரவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சடையன் ஒருத்தன்தான் தலையை நிமிர்த்தினான்.

"இன்னா நர்சம்மா, பரிச்ச புட்டுக்கிச்சாமே? எங்க வூட்டுப் பையனும் ஒம்பதாவதுலயே குந்திக்கினு இருக்கறான். ஜோடிக்கு ஆள் இல்லியேன்னு இருந்தான். இனிமே நீங்களும் அவனும் ஒண்ணா பஸ் ஏறலாம்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்து, டீ புரையேறி இருமினார்கள். சடையனுடைய அந்தப் பையன் உட்பட அவன் பிள்ளைகள் மூன்றும் கஸ்தூரியின் கையில் விழுந்தவைதான். மூத்தது கொடி சுற்றிக்கொண்டு பிறந்தபோது இதே சடையன் அவள் காலில் விழப் போனான். அதையெல்லாம் சொல்லிக் காட்டுகிற வழக்கம் கஸ்தூரிக்குக் கிடையாது. "டீ ஆறிடப் போவுது, பாத்து ஆத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். கோயில் திருப்பம் தாண்டுகிற வரைக்கும் முதுகு நேராகத்தான் இருந்தது. தாண்டிய பிறகு கண் கலங்கியது.

அவள் அந்த ஊரின் கிராம சுகாதார நர்ஸ். பத்தாவது முடித்து, ஒன்றரை வருஷப் படிப்பு படித்து, வயசுப் பெண்ணாக இந்தத் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தவள். இங்கேயே சக்கரபாணியைக் கட்டிக்கொண்டு, இங்கேயே அபிநயாவைப் பெற்று, இப்போது மூக்குக் கண்ணாடியும் போட்டாகிவிட்டது. ஊசி போடுகிற அம்மா, மாத்திரை கொடுக்கிற அம்மா, புள்ள புடிக்கிற அம்மா என்று அவளுக்கு ஊரில் பேர் நிறைய. அவற்றில் ஒன்றுகூட ஒரு காகிதத்தில் முத்திரையோடு இல்லை.

அந்த வருஷம்தான் அவளைப் பதவி உயர்வுப் பயிற்சிக்கு எடுத்தார்கள். டவுனில் இருக்கிற பயிற்சிப் பள்ளியில் ஆறு மாசம். கடைசியில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும். தேறினால் சான்றிதழ். சுற்றுப்பட்டில் இருக்கிற துணை நிலையங்களையெல்லாம் மேற்பார்த்து, புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பகுதி சுகாதார நர்ஸ் வேலை. தவறினால் இன்னும் ஒரே ஒரு தரம் எழுதலாம். அதிலும் தவறினால் பழைய இடத்துக்கே போய்ப் பழைய வேலையைப் பார்க்க வேண்டியதுதான், மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

கஸ்தூரிக்கு அந்த வகுப்பு அவ்வளவு பிடித்திருந்தது. பக்கத்து பெஞ்சுப் பெண்களில் பாதிப் பேர் அபிநயாவுக்கு அக்கா மாதிரி இருந்தார்கள். அவர்கள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷமாகக் கை செய்துவந்த வேலைக்கெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது என்பது அங்கேதான் தெரிந்தது. தடுப்பூசி மருந்தை ஏன் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், சீம்பாலை ஏன் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்குப் படித்ததைச் சக்கரபாணியிடம் ஒப்பிப்பாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அவன் "உம்" கொட்டுவான். நாலாவது வரைக்கும் படித்தவன். அந்த ஆறு மாசத்தில் அவனும் பாதி நர்ஸ் ஆகிவிட்டான் என்று அபிநயா கேலி செய்வாள்.

எழுத்துத் தேர்வில் நல்ல மார்க்குத்தான். கவிழ்த்தது பை.

நர்ஸ் வீடு பார்க்கப் போகும்போது தோளில் ஒரு பை போகும். அந்தப் பையை யார் வீட்டிலும் தரையிலோ கட்டிலிலோ நேராக வைக்கக் கூடாது. முதலில் பையின் வெளிப் பக்கத்திலிருந்து செய்தித்தாளை எடுத்து விரித்து அதன்மேல் வைக்க வேண்டும். சோப்பையும் துண்டையும் எடுத்துக் கை கழுவித் துடைத்த பிறகுதான் உள்ளே திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி தாளை மடித்து, அங்கேயே எரித்துவிட வேண்டும். ஒரு வீட்டு நோவு பையில் ஏறி இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி. புத்தகத்தில் படிக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். வாசலுக்கு வந்தவர் கையில் பை இருந்தால், "வாங்க" என்று சொல்லும்போதே அதை வாங்கிவிட வேண்டும். வாங்காமல் வாயால் மட்டும் கூப்பிட்டால் வராதே என்று சொன்ன மாதிரி. வந்தவர் பையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாலோ, உன் வீடு எனக்கு வீடில்லை என்று சொன்ன மாதிரி. தேர்வு நடந்த வீட்டில் ஒரு பெண் ஓடி வந்து கையை நீட்டினாள். கஸ்தூரியின் கை தன்பாட்டில் பையைக் கொடுத்துவிட்டது. அவள் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டு போய், தொட்டிலுக்குக் கீழே பிள்ளையைப் படுக்க வைக்கிற பாயின்மேல் வைத்தாள். தேர்வு நடத்த வந்த குளோரி மேடம் கண்ணாடிக்கு மேலாக ஒரு தரம் பார்த்தார். தாளில் ஏதோ எழுதினார். கதை முடிந்தது.

வீட்டில் சக்கரபாணி பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தான். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்து, நிலத்தில் விட்டால் கடலை முளைத்துவிடும் என்று அவசரமாகப் பிடுங்கியது. வேரில் ஈரமண் ஒட்டியிருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, தினமும் செய்கிற மாதிரி பையை வாங்கி மூக்கணாங்கயிறு தொங்கும் ஆணியில் மாட்டினான். அவளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து சாயங்காலம் பையை வாங்குகிறவன் அவன்தான்.

"சடையன் சொல்லிட்டான்" என்றான்.

"எல்லாத்துக்கும் சொல்லிட்டான்."

"இன்னாத்துல கொறஞ்சிதாம்?"

"பைய அந்தம்மா வாங்கி வெச்சிட்டாங்க. நான் குடுத்துட்டேன்."

சக்கரபாணிக்குப் புரிய நேரமாயிற்று. "கேட்டா குடுக்கத்தான செய்வாங்க? வாங்கற கைய தட்டியா வுடுவாங்க? இது இன்னாடி பரிச்ச!"

"அந்த மேடம் சரியாத்தான் போட்டாங்க" என்றாள் கஸ்தூரி. "புள்ள படுக்கற பாயிலங்க. இத்தன வருசமா நான் எந்தெந்த வூட்டுத் தரையில அந்தப் பைய வெச்சேன்னு எனக்குத்தான தெரியும்."

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து காய் ஆயத் தொடங்கினாள். அவமானமாக இருந்தது. சடையன் சிரித்ததுகூடப் பெரிதில்லை. படித்தது புரிந்து, மனசுக்கும் பிடித்திருந்து, நேரம் வந்தபோது கை மட்டும் பழைய கஸ்தூரியின் கையாக இருந்துவிட்டதே என்பதுதான் உறுத்தியது. அன்றைக்கு ராத்திரிக்குக் களி கிளறி, புது மல்லாட்டையை வறுத்துத் துவையல் அரைத்தாள். அவளைத் தவிர வீட்டில் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

மறுதேர்வு கார்த்திகையில், தீபம் முடிந்த கையோடு என்று கடிதம் வந்தது. அதற்குள் கையைப் பழக்க வேண்டும். பழக்குவதற்கு வீட்டில் ஆள் இருந்தது.

சக்கரபாணி துண்டை முக்காடு போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றான். அபிநயா தலையணையைத் துணியில் சுற்றிப் பிள்ளையாக்கி மடியில் வைத்துக்கொண்டு பெற்றவளாக உட்கார்ந்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண், படிக்கிற புத்தகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு இதில் வந்து சேர்ந்துகொண்டது.

"வாங்க நர்சம்மா, வாங்க! வெயில்ல வந்துக்கினு இருக்கறீங்க. குடுங்க பைய."

"இல்லம்மா, பை இருக்கட்டும்."

"ஏன், எங்க வூட்ல வெச்சா தேஞ்சா பூடும்?"

கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும் வெளியே போய் மறுபடியும் வந்தாள்.

"பைய தொடக் கூடாதும்மா. கவர்மெண்டு ரூலு."

"அப்ப கவர்மெண்டு வூட்டுக்கே போய் ஊசி போடு" என்று சக்கரபாணி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பினான்.

"ஏங்க, கொஞ்சம் நல்ல பொம்பளயா இருங்களேன்."

"நான் நல்ல பொம்பளதான். நீ சொல்றது மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்குது. வேற மாதிரி சொல்லு."

"பையில கிருமி இருக்குதும்மா."

"கிருமிய ஏம்மா எங்க வூட்டுக்கு எடுத்தாந்த?"

அபிநயா தலையணைப் பிள்ளையைக் கீழே போட்டுவிட்டு உருண்டு சிரித்தாள். "யம்மா, அப்பா கரெக்டாத்தாம்மா கேக்குது! நானா இருந்தாலும் அப்டித்தான் கேப்பேன்."

இப்படிப் பல நாள் நடந்தது. காய் ஆய்ந்து முடிந்து, வாசலில் காயப் போட்டு, மழை மேகம் கண்டால் ஓடி ஓடி வாரி, மறுபடியும் விரித்து, அதற்கு நடுநடுவே சக்கரபாணி முக்காடு போட்டான். தாள் விரிக்கிறது, கை கழுவுகிறது, உள்ளே திறக்கிறது எல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும் என்றாகிவிட்டது. அந்த ஒரு வார்த்தை மட்டும் கிடைக்கவில்லை. பையைக் கொடுக்காமலும் இருக்க வேண்டும், அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப் போகாமலும் இருக்க வேண்டும். எப்படிச் சொன்னாலும் இரண்டில் ஒன்றுதான் நடந்தது.

"இந்த வாட்டியும் பூட்டுச்சுன்னா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

சக்கரபாணி முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "போனா போவுது. நீ இங்க எப்டி இருக்கறியோ அப்டியே இரு. யாரு இன்னா சொல்லப் போறா?"

"எனக்கு அந்த சர்ட்டிபிகேட் வேணுங்க" என்றாள் கஸ்தூரி. அவள் வாயைத் திறந்து எனக்கு வேணும் என்று கேட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை. சக்கரபாணி மறுபடியும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசற்படிக்குப் போனான்.

தீபத்தன்று ஊரே நிரம்பி வழிந்தது. மலையைச் சுற்றுகிற சாலையில் நடக்க இடமில்லை. கஸ்தூரிக்கு மருத்துவ முகாமில் வேலை. கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுப் போட்டுக் கை கடுத்தது. மலை உச்சியில் தீபம் எரிந்ததும் கூட்டம் மொத்தமும் ஒரே குரலாகக் கத்தியது. அவளும் மருந்து டப்பாவை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். இன்ன வேண்டுதல் என்று சொல்லவே வேண்டியதில்லை.

சக்கரபாணி சும்மா கும்பிட்டதோடு நிற்கவில்லை. மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனான். தேர்வுக்கு விரிக்கத் தாள் வேண்டுமே. இத்தனை நாள் பழக்கத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கொண்டுவந்த பழைய தாள்தான், காபிக் கறையும் கிழிசலுமாக. பெண்சாதி தேர்வுக்குப் போகிறாள், அதற்கு ஒரு நல்ல தாளாக இருக்க வேண்டாமா? அன்றைக்கு வந்த புதுப் பேப்பரைக் கடையிலேயே பிரித்துப் பார்த்து, உள்ளேயிருந்து ஒரு தாளை உருவி, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து அவள் பையின் வெளிப் பக்கத்தில் தன் கையாலேயே செருகினான்.

"பேப்பர் வெச்சிருக்கறேன். புதுசு" என்று அவளிடம் சொன்னான். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. கஸ்தூரிக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

பதினோரு நாள் எரிகிற தீபம் தேர்வு நாளிலும் மலைமேல் எரிந்துகொண்டிருந்தது. பகலில் தெரியவில்லை, புகை மட்டும் தெரிந்தது. தூறல். தேர்வு எழுதுகிறவர்கள் சொந்த ஊரில் வீடு பார்க்கக் கூடாது என்பதால் அவளுக்குக் கிரிவலப் பாதையில் வேறொரு தெருவில் ஒரு வீடு விழுந்தது. கூடவே குடையைப் பிடித்துக்கொண்டு அதே குளோரி மேடம். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். சிரிப்பு கம்மி. போன தரம் பார்த்ததை நினைவு வைத்திருக்கிறாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அது பச்சையம்மாள் என்கிறவள் வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதானம் போடுகிற மடங்களுக்கு மந்தாரை இலை தைத்துக் கொடுக்கிற குடும்பம். தீபத்துக்குத் தைத்துப் போட்டு மிஞ்சின இலைக் கட்டுகள் சுவரோரம் மழை படாமல் அடுக்கியிருந்தன. உள்ளே அவள் மருமகள் எழில், பச்சைப் பிள்ளையோடு இருந்தாள்.

பச்சையம்மாள் ஒரு கையில் சொம்புத் தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள்.

"வாங்க நர்சம்மா, வாங்க மேடம். புள்ள பெத்த வூடு, கால் கழுவிக்கினு வந்துருங்க" என்றாள். சொம்பைப் பிடித்திருந்த கை அப்படியே இருக்க, இன்னொரு கை பைக்கு நீண்டது.

கஸ்தூரிக்குச் சக்கரபாணியிடம் சொல்லிப் பார்த்த வார்த்தைகளெல்லாம் ஒன்றொன்றாக ஞாபகத்துக்கு வந்து, எதுவும் உதவாமல் போயிற்று. நீண்ட கையைப் பார்த்தாள். சொம்பைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். பச்சையம்மாள் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போதே கஸ்தூரி கேட்டாள்.

"ஏன்க்கா, கால் கழுவாம உள்ள வரக்கூடாதா?"

"இன்னா நர்சம்மா, உங்களுக்குத் தெரியாததா? ஊரெல்லாம் மிதிச்சுட்டு வர்ற காலு. பச்சப் புள்ளகிட்ட அப்டியே போலாமா?"

"அதே கததான்க்கா இந்தப் பைக்கும். இதுக்கும் காலு இருக்குது. ஊரெல்லாம் குந்திட்டு வருது. என் கால கழுவிட்டீங்க. இத எப்டிக் கழுவறது? அதனால இது தரையில படாம, கட்டில்ல படாம, தனியா ஒரு எடத்துல குந்தணும். எங்க குந்தலாம்னு நீங்கதான் எடம் காட்டணும்."

நீண்ட கை மெல்லக் கீழே இறங்கியது. ஆனால் முகம் சுண்டவில்லை. பச்சையம்மாள் பையை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆமா, அதுவும் சரிதான். தோ, இங்க வெளிச்சமா இருக்குது, காத்தும் வருது. இங்க குந்த வைங்க" என்று பிள்ளை இருந்த இடத்துக்கு எதிர்மூலையைக் காட்டினாள்.

கஸ்தூரிக்கு உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. பல நாளாகத் தேடிய வார்த்தை இங்கே வந்து, வாசலிலேயே கிடைத்துவிட்டது. அந்தத் தெம்பில் பையின் வெளிப் பக்கத்திலிருந்து தாளை உருவி, ஒரு உதறு உதறி விரித்தாள்.

பக்கம் முழுக்க மலை. உச்சியில் தீபம். கீழே கோபுரம். அதற்கும் கீழே, மாலையும் விபூதியுமாக அண்ணாமலையாரும் அம்மனும்.

"ஐயோ, அண்ணாமலையாரே!" என்றாள் பச்சையம்மாள். கஸ்தூரி தாளைத் தரைக்கு இறக்குவதற்குள் ஓடி வந்து அதைப் பிடுங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். "சாமி மேலயா பைய வெப்பீங்க?"

திருப்பிப் போட்டாலும் சாமி அடியில்தான் இருக்கும், மடித்தாலும் உள்ளேதான் இருக்கும். கடைசியில் எரிக்க வேறு வேண்டும். தீபம் எரிகிற மலைக்கு அடியில் அண்ணாமலையாரைச் சுருட்டி அடுப்பில் போடச் சொல்கிற துணிச்சல் எந்த நர்ஸுக்கும் வராது. சக்கரபாணியின் கள்ளச் சிரிப்புக்கு இப்போது அர்த்தம் புரிந்தது. ஐயோ மனுஷா, என்று மனசுக்குள் கத்தினாள். தேடிப் பிடித்துச் சாமியையே உருவிக் கொடுத்திருக்கிறாயே.

"அத சாமி மாடத்துல வெச்சிடுங்கக்கா" என்றாள். "வேற பேப்பரு இருக்குதா?"

"எங்க வூட்ல யாரு நர்சம்மா பேப்பர் படிக்கறாங்க?"

பை அவள் கையிலேயே கனத்தது. குளோரி மேடம் நிலைப்படியில் சாய்ந்து பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னும் எழுதவில்லை. எழுதப் போகிறார். பையை எங்கேயாவது வைத்தால் போயிற்று, வைக்காமல் நின்றாலும் போயிற்று. ஒரு கணம் கஸ்தூரிக்குச் சடையன் கடைப் பெஞ்சு கண்முன்னே வந்தது. அத்தனை பேரும் டம்ளருக்குள் பார்க்கிறார்கள்.

தாள் எதற்கு என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். வகுப்பில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். செய்கிறது எதுவானாலும் எதற்கு என்று கேள். கேட்டதும் கண் தன்பாட்டில் சுவரோரத்துக்குப் போயிற்று.

"அக்கா, வந்தவங்களுக்கு எல போடுவீங்கதான?"

"போடாம?"

"இந்தப் பைக்கும் ஒரு எல போடுங்க. கட்டுக்கு உள்ள இருந்து எடுங்க, கை படாததா. நல்லா காஞ்சதா."

பச்சையம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கட்டை அவிழ்த்து, நடுவிலிருந்து இரண்டு பெரிய இலையை உருவி, காட்டிய மூலையில் ஒன்றோடொன்று சேர்த்து, மேல் பக்கம் எது என்றுகூடப் பார்த்துப் போட்டாள். கஸ்தூரி பையை அதன்மேல் வைத்தாள். விருந்துக்கு வந்த ஆள் மாதிரி அது உட்கார்ந்தது. உள்ளேயிருந்து எழில் களுக்கென்று சிரித்தாள்.

"இப்ப என் கைக்குத் தண்ணி ஊத்துங்கக்கா" என்று சோப்பை எடுத்தாள் கஸ்தூரி. விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு என்று அவள் தேய்க்கத் தேய்க்கப் பச்சையம்மாள் சொம்பைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே ஊற்றினாள். "இம்மாம் நேரமா கழுவுவாங்க?" என்றாள். "புள்ளய தொடறதுன்னா இம்மாம் நேரம்" என்றாள் கஸ்தூரி.

அதற்குப் பிறகு அவளை யாரும் நிறுத்தவில்லை. தாயின் சூடு பார்த்தாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், பால் கட்டியிருக்கிறதா என்று கேட்டாள். பிள்ளையை எடை போட்டாள். தொப்புளில் கோயில் விபூதி அப்பியிருந்தது. "நெத்தில வைங்கக்கா, நெறைய வைங்க. தொப்புளு இன்னும் காயற புண்ணு, அதுல எதுவும் வேணாம்" என்று சொல்லித் துடைத்தாள். போகும்போது இலையை உள்பக்கமாக மடித்துக் கொடுத்தாள். பச்சையம்மாள் அதைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். சாப்பிட்ட இலையை எடுப்பது அவள் தினமும் செய்கிற வேலைதானே.

தெருவுக்கு வந்ததும் குளோரி மேடம் குடையை விரித்தார்.

"செய்தித்தாள்னுதானே புத்தகத்துல இருக்கு. இலை எப்படி சரியாகும்?"

"கீழ படாம தடுக்கணும், சுத்தமா இருக்கணும், முடிஞ்சதும் எரிக்கணும். அதுக்குத்தான் தாளுன்னு வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க மேடம். எல அதுக்கெல்லாம் சரியா இருந்துச்சு" என்றாள் கஸ்தூரி. கொஞ்ச தூரம் நடந்து, தானாகவே சொன்னாள். "ஆனா கெளம்பறதுக்கு முன்னாடி பைய நான் பிரிச்சு சரி பாத்திருக்கணும். பாக்கல. அது என் தப்பு."

"அதுக்கு மார்க் குறைப்பேன்."

"கொறைங்க மேடம்."

குளோரி மேடம் நடந்துகொண்டே தாளில் எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. "அடுத்த ஆள் காத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வாசலிலேயே சக்கரபாணி காத்திருந்தான். முகம் முழுக்க எதிர்பார்ப்பு.

"இன்னா, பேப்பர் கை குடுத்துச்சா? சாமியே கூட வந்தாரு பாத்தியா?"

பஸ்ஸில் வரும்போது அவனைத் திட்ட அவள் நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"அடப் பாவமே! நானே உன்ன கவுத்துட்டு இருப்பனா?"

"இருப்பீங்க" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். "ஆனா பேப்பர் மட்டும் சரியா இருந்திருந்தா நான் எலைய தேடியிருக்க மாட்டேன். உள்ள வாங்க, பசிக்குது."

சாப்பிட்டுவிட்டு வெகு நேரம் அவன் கொட்டகையிலேயே மாட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

தை பிறந்து, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். பெயர் கூப்பிட்டார்கள். கஸ்தூரி எழுந்துபோய் வாங்கிக்கொண்டாள். தேர்ச்சி. முத்திரை. கையெழுத்து. வாழ்நாளில் அவ்வளவு அழகாக அவள் பெயரை யாரும் எழுதினதில்லை. பிரித்துப் பார்த்து, மடங்காமல் அட்டை வைத்து, பைக்குள் பத்திரமாக வைத்தாள். பஸ்ஸில் மடியைவிட்டு அந்தப் பையை இறக்கவில்லை.

இந்தச் செய்தியும் அவளுக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டிருந்தது. ஆனால் இந்தத் தடவை டீக்கடை பெஞ்சு காலியாக இருந்தது. அத்தனை பேரும் அவள் வீட்டு வாசலில் இருந்தார்கள். பச்சையம்மாள்கூடப் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

சக்கரபாணி பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு வந்தான். பாதி வழியில் நின்றான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, நிலைப்படிக்கு உள்ளே கைகாட்டினான். அங்கே ஒரு இலை போட்டிருந்தது.

"வையி" என்றான். "அது மொதல்ல குந்தட்டும்."

கஸ்தூரி பையை இலையில் வைத்தாள். அவன் ஒரு சொம்பை எடுத்துவந்து அவள் கைக்குத் தண்ணீர் ஊற்றினான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கட்டின புருஷன் பெண்சாதி கைக்குத் தண்ணீர் ஊற்றினான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவள் சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, துண்டில் துடைத்து, பையைத் திறந்து சான்றிதழை வெளியே எடுத்தாள். அபிநயா அதை உரக்கப் படித்தாள். எல்லாரும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள். படித்தாள். பிறகு தொட்டுப் பார்க்கக் கைகள் நீண்டன.

"யாரும் தொடக் கூடாது!" என்று சக்கரபாணி குறுக்கே வந்து நின்றான். "கை கழுவிக்கினு வாங்க. சோப்பு அங்க இருக்குது. வரிசையா வாங்க."

ஊர் வரிசையில் நின்றது. ஏர் பிடிக்கிறவனும் பால் கறக்கிறவனும் இலை தைக்கிறவளும் தண்ணீர்த் தொட்டியிடம் குனிந்து, முறை வைத்துச் சோப்பு வாங்கி நுரை பொங்கத் தேய்த்தார்கள். இத்தனை வருஷம் அவள் தெருத் தெருவாகச் சொல்லியும் ஒருத்தரும் இப்படிக் கழுவினதில்லை. கஸ்தூரி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. இப்போதுதான் கழுவின கை.

கடைசியில் சடையன் வந்தான். ஈரக் கையை அவசரமாக உதறிக்கொண்டே நீட்டினான். சக்கரபாணி அந்தக் கையைப் பிடித்து, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தான்.

"நகத்துல டீத்தூளு இருக்குது. போய் மறுபடியும் கழுவிக்கினு வா. இதுல பெயிலானா இன்னும் ஒரு வாட்டிதான் குடுப்போம்."

சடையன் கஸ்தூரியைப் பார்த்தான். அவள் சோப்பு இருந்த பக்கம் கையைக் காட்டினாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிப் போய்ச் சோப்பை எடுத்தான்.